நுரையீரலில் இரத்த உறைவு: மாத்திரை எதுவரை, மூச்சு எப்போது சீராகும்?

கேள்வி: ஐயா, வணக்கம். நாங்கள் மன்னார்குடிக்கு அருகில் ஒரு கிராமத்தில் வசிக்கிறோம். என் அப்பாவுக்கு வயது 56. சொந்த நிலத்தில் விவசாயம் செய்கிறார். ஆவணி மாதம் பைக்கிலிருந்து விழுந்து வலது கால் எலும்பு முறிந்ததால் ஆறு வாரம் மாவுக்கட்டோடு படுத்திருந்தார். கட்டுப் பிரிக்கச் சில நாள்கள் இருந்தபோது திடீரென்று மூச்சுத் திணறலும் நெஞ்சுவலியும் வந்தன. தஞ்சாவூரில் சேர்த்தோம். இரண்டு நுரையீரல்களிலும் இரத்தக் கட்டி அடைத்திருப்பதாக சி.டி. ஸ்கேன் பார்த்துச் சொன்னார்கள். இப்போது மூன்றரை மாதமாக ரிவராக்ஸபான் 20 மி.கி. சாப்பிடுகிறார். மாத்திரையை நிறுத்திவிடலாம் என்கிறார் ஒரு மருத்துவர். வாழ்நாள் முழுவதும் வேண்டும் என்கிறார் இன்னொருவர். மாடிப்படி ஏறினால் அப்பாவுக்கு இன்னும் மூச்சு வாங்குகிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் இடது கால் வீங்கியபோது யானைக்கால் என்று மாத்திரை கொடுத்தார்கள். சில மாதங்களில் வடிந்துவிட்டது. கட்டி கரைந்துவிட்டதா என்று அறிய மறுபடியும் ஸ்கேன் எடுக்க வேண்டுமா? மீண்டும் வருமா? ஆயுள் குறையுமா? கீரை சாப்பிடலாமா? அறுவடை நடக்கிறது, வயலுக்குப் போகாமல் அவரை நிறுத்திவைக்க முடியவில்லை.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம். உங்கள் கடிதத்தில் இரண்டு கவலைகள் பின்னிக் கிடக்கின்றன. கட்டி மீண்டும் வருமா என்பது ஒன்று. மூச்சு ஏன் இன்னும் சீராகவில்லை என்பது மற்றொன்று. முதலாவதற்கு விடை, கட்டி வந்த காரணத்தில் இருக்கிறது. இரண்டாவதற்கு விடை, சில பரிசோதனைகளில் இருக்கிறது. மாத்திரை முதலாவதற்கு மட்டுமே உதவும். இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான், மூச்சு நன்றாக இருக்கிறதென்று மாத்திரையைத் தாமே நிறுத்திவிடுபவர்களையும், மூச்சு வாங்குகிறதென்று மாத்திரையின் மேல் நம்பிக்கை இழந்துவிடுபவர்களையும் புறநோயாளிப் பிரிவில் அடிக்கடி காண நேர்கிறது.

இத்தகைய கட்டி பெரும்பாலும் காலின் ஆழமான சிரைகளில் உருவாகி, அங்கிருந்து பிய்ந்து, இதயத்தின் வலது பக்கம் வழியாக நுரையீரல் தமனியில் போய் அடைக்கிறது. உங்கள் அப்பா சாப்பிடும் மாத்திரை அந்தக் கட்டியைக் கரைப்பதில்லை. இருக்கும் கட்டி வளராமலும் புதிய கட்டி உருவாகாமலும் தடுப்பதே அதன் வேலை. கரைப்பதை உடலே தன் சொந்த நொதிகளைக் கொண்டு வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் செய்துகொள்கிறது. இந்தத் தடுப்பு எவ்வளவு முக்கியம் என்பதை 1960ஆம் ஆண்டிலேயே பிரிட்டனில் நடந்த ஒரு சிறிய ஆய்வு காட்டிவிட்டது: உறைவு தடுப்பு மருந்து பெறாத 19 பேரில் 5 பேர் நுரையீரல் அடைப்பாலேயே இறந்தார்கள், மருந்து பெற்ற 16 பேரில் அவ்வாறு ஒருவரும் இறக்கவில்லை. அத்துடன் அந்த ஆய்வை நிறுத்திவிட்டார்கள். அந்த ஆபத்தான காலத்தை உங்கள் அப்பா கடந்துவிட்டார். கட்டி கரைந்ததா என்று பார்ப்பதற்காக மட்டும் மறுபடியும் சி.டி. ஸ்கேன் எடுக்கத் தேவையில்லை. நல்ல நிலையில் நடமாடுபவர்களில்கூடச் சிலருக்குப் பழைய கட்டியின் தழும்பு ஸ்கேனில் மிஞ்சித் தெரியும். அதைப் பார்த்து வீட்டில் எல்லோரும் மறுபடி பயப்படுவதைத் தவிர வேறு பயன் இருக்காது.

இனி முதல் கேள்விக்கு வருகிறேன். நுரையீரலில் கட்டி வந்த எவருக்கும் குறைந்தது மூன்று மாத மருந்து வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அதற்குப் பிறகு என்ன செய்வது என்பதை, கட்டி எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதைவிட, அது ஏன் வந்தது என்பதே தீர்மானிக்கிறது. பெரிய அறுவைச் சிகிச்சை, எலும்பு முறிவு போன்ற, வந்து நீங்கிவிடும் வலுவான காரணம் ஒன்று இருந்தால், மாத்திரையை நிறுத்திய பிறகு மீண்டும் கட்டி வரும் வாய்ப்பு குறைவு. அறுவைச் சிகிச்சையை ஒட்டி வந்தவர்களில் ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ நூற்றுக்கு மூவருக்கே மீண்டும் வருகிறது. எந்தக் காரணமும் இல்லாமல் வந்தவர்களின் கதை வேறு. அவர்களில் மாத்திரையை நிறுத்திய முதல் ஆண்டிலேயே நூற்றுக்குப் பத்துப் பேருக்கும், ஐந்து ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 25 பேருக்கும், பத்து ஆண்டுகளுக்குள் மூன்றில் ஒரு பங்கினருக்குச் சற்று மேலாகவும் மறுபடி வருகிறது. பெண்களைவிட ஆண்களுக்கு இந்த வாய்ப்பு அதிகம். முதல் முறை நுரையீரலில் வந்தவருக்கு அடுத்த முறையும் நுரையீரலிலேயே வரும் வாய்ப்பு மிகுதி என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

கால் முறிந்து, மாவுக்கட்டோடு படுத்திருந்து, அதன் முடிவில் கட்டி வந்தது என்ற அளவில் மட்டும் பார்த்தால், உங்கள் அப்பா முதல் வகையைச் சேர்ந்தவர். நிறுத்தலாம் என்று சொன்ன மருத்துவர் அதைத்தான் பார்த்திருப்பார். ஆனால் கடிதத்தின் நடுவே, போகிற போக்கில் எழுதியதுபோல் ஒரு செய்தி இருக்கிறது: மூன்று ஆண்டுகளுக்கு முன் வீங்கிய இடது கால். அதை நான் போகிற போக்கில் விட்டுவிட மாட்டேன். இரு மருத்துவர்களில் யாரிடம் அந்த வீக்கத்தைப் பற்றிச் சொன்னீர்கள் என்பது கடிதத்தில் இல்லை. இருவரும் வேறுவேறு சொன்னதற்கு அதுவேகூடக் காரணமாக இருக்கலாம்.

நம் பகுதியில், அதிலும் கும்பகோணம், தஞ்சாவூர் வட்டாரங்களில், யானைக்கால் நோய் பல தலைமுறைகளாக இருந்து வந்திருப்பதால், கால் வீங்கினாலே அதுதான் என்று முடிவுகட்டும் வழக்கம் மக்களிடமும் உண்டு, மருத்துவர்களான எங்களிடமும் உண்டு. யானைக்கால் வீக்கம் பெரும்பாலும் தொடை இடுக்கில் நெறி கட்டி, குளிர்காய்ச்சலோடு விட்டுவிட்டு வந்து, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொண்டு, நாளடைவில் தோலைத் தடிக்கச் செய்வது. ஆழமான சிரையில் வரும் இரத்த உறைவோ, காய்ச்சல் நெறி எதுவும் இல்லாமல், ஓரிரு நாள்களில் ஒரு காலில் மட்டும், கெண்டைக்கால் சதையில் வலியோடும் கனத்தோடும் வீக்கமாகத் தெரிவது. அந்த உறைவுக்கு மருந்தே கொடுக்காவிட்டாலும், இரத்தம் வேறு கிளைச் சிரைகள் வழியாகத் திரும்பப் பழகிக்கொண்டால் சில மாதங்களில் வீக்கம் தானாகவே வடியக்கூடும். ஆகவே, மாத்திரை சாப்பிட்டார், வடிந்தது, எனவே அது யானைக்கால்தான் என்ற வாதம் நிற்காது. அன்று காய்ச்சல் இருந்ததா, நெறி கட்டியதா, வீக்கம் எத்தனை நாளில் ஏறியது என்பவற்றை உங்கள் அம்மாவிடம் கேட்டு எழுதி வையுங்கள். இவ்விஷயத்தில் நோயாளியைவிட வீட்டுப் பெண்களின் நினைவு துல்லியமாக இருக்கும் என்பது என் அனுபவம்.

அடுத்து, இரு கால்களுக்கும் டாப்ளர் ஸ்கேன், அதாவது சிரைகளில் இரத்தம் ஓடுவதை ஒலியலை கொண்டு பார்க்கும் பரிசோதனை, எடுக்கச் சொல்லுங்கள். முறிந்தது வலது கால்; பழைய வீக்கம் இடது காலில். எனவே இடது காலின் ஆழமான சிரைகளில் சுவர் தடித்தோ, வால்வுகள் பழுதடைந்து இரத்தம் கீழ்நோக்கி வழிந்தோ இருந்தால், அது பெரும்பாலும் பழைய உறைவின் தடமாகவே இருக்கும். அப்படியானால் இப்போது வந்தது இரண்டாவது முறை. முதல் முறைக்கு எலும்பு முறிவு போன்ற காரணம் எதுவும் இருந்திருக்கவில்லை. அந்நிலையில் நான் மாத்திரையைத் தொடரச் சொல்லும் பக்கமே நிற்பேன். டாப்ளர் சீராக இருந்து, பழைய வீக்கத்தின் வரலாறும் காய்ச்சல், நெறி என்றே அமைந்தால், மூச்சின் நிலையையும் ஆராய்ந்துவிட்டு, ஆறு மாதத்துக்குள் நிறுத்துவது நியாயமான முடிவு. இடையில் ஒரு நிலையும் உண்டு: டாப்ளரில் ஒன்றும் தெரியாது, ஆனால் வரலாறு உறைவைப் போலவே இருக்கும். பழைய உறைவு சில சமயம் தடமே இல்லாமல் மறைந்துவிடும் என்பதால், அப்போது எண்களை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. இரத்தக் கசிவுக்கு அவருக்கு எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது, அவர் எதற்கு அதிகம் அஞ்சுகிறார் என்பவற்றையும் சேர்த்து, அவரும் மருத்துவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும்.

தொடர வேண்டும் என்றே முடிவானாலும், அதே அளவில் தொடர வேண்டும் என்பதில்லை. முதல் ஆறு மாதம் முடிந்தபின் பலருக்கு ரிவராக்ஸபானை 10 மி.கி.க்கும், அதே வகை மருந்தான அபிக்ஸபான் சாப்பிடுபவர்களுக்கு இரு வேளையும் 2.5 மி.கி.க்கும் குறைக்கலாம். இதற்குப் பதில் விலை குறைந்த ஆஸ்பிரின் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். சிலர் கேட்காமலேயே மாற்றிக்கொள்கிறார்கள். 2017இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், ஏறத்தாழ ஓராண்டுக் காலத்தில், ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களில் 4.4 விழுக்காட்டினருக்கு மீண்டும் கட்டி வந்தது. ரிவராக்ஸபான் 10 மி.கி. சாப்பிட்டவர்களில் 1.2 விழுக்காட்டினருக்கே வந்தது. பெரிய இரத்தக் கசிவோ, ஆஸ்பிரின், ரிவராக்ஸபான் 10 மி.கி., 20 மி.கி. ஆகிய மூன்று பிரிவினரிடமும் 0.5 விழுக்காட்டுக்கு மேல் போகவில்லை. விலைதான் தடை என்றால், மருந்தின் பொதுப்பெயரைச் சொல்லிக் கேளுங்கள்; பல நிறுவனங்கள் தயாரிப்பதால் விலையில் பெரிய வேறுபாடு இருக்கிறது. வாழ்நாள் முழுவதும் என்று எழுதிக் கொடுத்தாலும், அது மறுபரிசீலனை இல்லாத தீர்ப்பு ஆகாது. சிறுநீரகம், கல்லீரல், இரத்த அணுக்கள் ஆகியவற்றை ஆண்டுக்கு ஒரு முறையாவது பார்த்து, இன்னும் தொடர்வது நன்மையா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

மாத்திரையைச் சாப்பிடும் முறையில் நம் வயல்வெளி வாழ்க்கைக்கே உரிய ஒரு தவறு உண்டு. ரிவராக்ஸபான் 15, 20 மி.கி. அளவுகளை வயிறு நிறையச் சாப்பிட்ட உணவோடு எடுத்தால்தான் மருந்து முழுமையாக உடலில் சேரும். விடியலில் வெறும் டீயோடு மாத்திரையை விழுங்கிவிட்டு வயலுக்குப் போகிறவருக்கு, மருந்தின் ஒரு பகுதி வீணாகிறது. இரவுச் சாப்பாடுதான் அப்பாவுக்கு நிதானமான சாப்பாடு என்றால், எந்த நேரத்துக்கு மாற்றுவது என்பதை மருத்துவரிடம் கேட்டு அதனோடு வைத்துக்கொள்ளுங்கள். மறந்துவிட்டால் அன்றைக்குள் நினைவு வந்தவுடன் சாப்பிடலாம். மறுநாள் இரட்டிப்பாக விழுங்கக் கூடாது.

கீரையைப் பற்றிய அச்சம் அவருக்குத் தேவையில்லை. வைட்டமின் கே நிறைந்த கீரைகள் வார்ஃபரின், அசெனோகூமரால் ஆகிய பழைய மருந்துகளின் வேலையைத்தான் குறைக்கும். அவற்றைச் சாப்பிட்டு, இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். சோதனை பார்த்துக்கொள்பவர்கள்கூடக் கீரையை விலக்க வேண்டியதில்லை. ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, மறுவாரம் ஒன்றுமில்லை என்று ஏற்ற இறக்கம் செய்யாமல், ஒரே அளவில் சாப்பிட்டால் போதும். கீரையைவிட நான் அஞ்சுவது உடம்பு வலிக்குப் போடும் ஊசியை. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலிநிவாரணிகள் உறைவு தடுப்பு மருந்தோடு சேரும்போது வயிற்றில் இரத்தக் கசிவுக்கு வழிசெய்கின்றன. அறுவடைக் காலத்தில் ஒரு ஊசி போட்டுக்கொண்டால் நாளைக்கு வேலை ஓடும் என்ற எண்ணம் இப்போது அவருக்கு ஆகாது. வலிக்கு மருத்துவர் சொல்லும் அளவில் பாராசிட்டமால் போதும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசினும், வலிப்புக்குத் தரும் சில மாத்திரைகளும் மருந்தின் வலிமையைக் குறைத்துவிடும். என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாத சூரணங்களை இந்தக் காலத்தில் சேர்க்க வேண்டாம். பல் பிடுங்கும் முன்பும் மாத்திரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயலில் பாம்பு கடித்து மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும்; கண்ணாடி விரியனின் நஞ்சு இரத்தம் உறைவதைக் கெடுக்கும் என்பதால் அங்கே உறைவுச் சோதனை செய்வார்கள், அதன் முடிவை இத்தகைய மாத்திரைகள் குழப்பக்கூடும். மாத்திரையின் பெயரை ஒரு சீட்டில் எழுதி அவருடைய சட்டைப் பையில் வைத்துவிடுங்கள். கருநிறத்தில் மலம், சிறுநீரில் இரத்தம், தலையில் அடி ஆகிய மூன்றில் எது நேர்ந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இரண்டாவது கவலை மூச்சு. நுரையீரல் அடைப்பிலிருந்து பிழைத்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர், மாதங்கள் சென்ற பிறகும் முன்புபோல் இல்லை என்றே சொல்கிறார்கள். இவர்களில் பெரும்பாலோருக்கு இதயத்திலோ நுரையீரலிலோ நிரந்தரக் கேடு இருப்பதில்லை. வாரக்கணக்கில் படுக்கையில் கிடந்து தசைகள் வலுவிழந்ததும், மூச்சு வாங்கினாலே மறுபடி கட்டியோ என்று பயந்து உட்கார்ந்துவிடுவதும்தான் காரணங்கள். உட்கார உட்கார உடல் தளர்கிறது. தளரத் தளர மூச்சு வாங்குகிறது. ஆறு வாரம் மாவுக்கட்டில் கிடந்தவருக்கு இது இரட்டிப்பாக இருக்கும்.

ஆனால் அப்படித்தான் இருக்கும் என்று பார்க்காமலே விட்டுவிடக் கூடாது. நூற்றில் இரண்டு முதல் நான்கு பேருக்குக் கட்டி முழுவதும் கரையாமல், தமனிச் சுவரோடு தழும்பாகி ஒட்டிக்கொள்கிறது. வாய்க்கால் தூர்ந்துபோனால் மடையில் தண்ணீர் எகிறி நிற்பதைப் போல, நுரையீரல் தமனியில் அழுத்தம் ஏறி, அதற்கு எதிராகத் தள்ளித் தள்ளி இதயத்தின் வலது பக்கம் களைத்துப்போகிறது. பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் இது வெளிப்படுகிறது. நாளுக்கு நாள் மூச்சுத் திணறல் கூடுவது, வேலை செய்யும்போது தலைசுற்றி மயக்கம் வருவது, இரு கால்களும் வயிறும் வீங்குவது ஆகியவை இதன் அடையாளங்கள். ஆனால் தொடக்கத்தில் மூச்சு வாங்குவது மட்டுமே தெரியலாம்.

மூன்று மாத மருந்துக்குப் பிறகும் மூச்சு வாங்குபவருக்கு, இதயத்தை ஒலியலை கொண்டு பார்க்கும் எக்கோ பரிசோதனை செய்ய வேண்டும் என்பது இதனால்தான். உங்கள் அப்பா அந்த நிலையில் இருக்கிறார். கட்டி வந்த அன்று எடுத்த எக்கோ போதாது, இப்போது ஒன்று புதிதாக வேண்டும். இந்த எக்கோவை தஞ்சாவூரிலேயே எடுத்துக்கொள்ளலாம். அதில் அழுத்தம் கூடியிருப்பதாகத் தெரிந்தால், நுரையீரலுக்குள் காற்றும் இரத்தமும் எப்படிப் பரவுகின்றன என்று பார்க்கும் ஐசோடோப் ஸ்கேன் அடுத்தது. அது சீராக இருந்தால் இந்த நோய் இல்லை என்றே கொள்ளலாம். நோய் உறுதியானால்கூடக் கைவிட வேண்டிய நிலை அன்று. தமனியைத் திறந்து தழும்பை உரித்தெடுக்கும் அறுவைச் சிகிச்சையும், பலூன் கொண்டு விரிக்கும் முறையும், ரியோசிகுவாட் என்னும் மருந்தும் இருக்கின்றன. அறுவைச் சிகிச்சைக்குப் பெருநகர மருத்துவமனைகளுக்குத்தான் போக வேண்டியிருக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு உறைவு தடுப்பு மாத்திரை வாழ்நாள் முழுவதும் தேவை. எக்கோவோடு ஹீமோகுளோபினையும் பார்க்கச் சொல்லுங்கள். மூச்சு வாங்குவதற்கு இரத்தசோகை காரணமாக இருந்து, அதற்குக் காரணம் மாத்திரையால் வயிற்றில் ஏற்படும் மெதுவான கசிவாக இருப்பதும் உண்டு. பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் அதுவும் கணக்கில் வரும். கடிதத்தில் அதைப் பற்றி இல்லை.

எக்கோ சீராக இருக்குமானால், அவருக்கு மருந்து நடைதான். வீட்டிலிருந்து வயல் வரை சமதரையில், பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில் தொடங்கி, வாரத்துக்கு வாரம் தொலைவைக் கூட்ட வேண்டும். அந்த அளவு மூச்சு வாங்குவது கேடு செய்யாது என்பதை வீட்டில் உள்ளவர்களும் நம்ப வேண்டும். அன்பினால்தான் நீங்கள் எல்லோரும் அவரை உட்காரச் சொல்கிறீர்கள். ஆனால் திண்ணையிலேயே உட்கார்ந்திருப்பது அவருக்கு நல்லதல்ல.

அறுவடைக்கு இந்தத் தை மாதத்தில் வரப்பில் நின்று இயந்திரத்தை மேற்பார்வை பார்ப்பதில் தவறில்லை. நாற்பது கிலோ மூட்டையைத் தூக்குவது, கதிர் அரிவாளைக் கையில் எடுப்பது ஆகியவற்றை இந்தப் பருவத்துக்கு மற்றவர்களிடம் விட்டுவிடட்டும். கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் குவித்துவிட்டு, எடை போடும் வரை இரவு பகலாக அங்கேயே கால்மடித்து உட்கார்ந்து காவல் காப்பதுதான் எனக்கு மூட்டையைவிடக் கவலை தருகிறது. அந்தப் பொறுப்பை வேறொருவர் ஏற்க முடியாவிட்டால், மணிக்கொரு முறை எழுந்து நடக்கவும், தண்ணீர் குடிக்கவும் சொல்லுங்கள். நீண்ட பேருந்துப் பயணத்துக்கும் இதுவே பொருந்தும்.

ஆயுளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். முதல் மூன்று மாதங்களைக் கடந்தவர்களுக்குப் பின்னாளில் நேரும் மரணங்களில் பெரும்பகுதி, அந்தக் கட்டியால் வருவதில்லை; கட்டிக்கு முன்பே இருந்த புற்றுநோய், இதய நோய் போன்றவற்றால் வருகிறது. எலும்பு முறிவால் கட்டி வந்து, வேறு பெரிய நோய் இல்லாத 56 வயதுக்காரர், மருந்தையும் பரிசோதனைகளையும் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால், தன் வயதுக்காரர்களைப் போலவே நெடுங்காலம் வாழ்வார் என்று எதிர்பார்ப்பதே முறை. காரணமில்லாமல் உடல் இளைப்பது, பசி குன்றுவது போன்றவை இருந்தால் மட்டும் தனியாகச் சொல்லுங்கள். மாத்திரையை என்றைக்கு நிறுத்தினாலும், பின்னாளில் அறுவைச் சிகிச்சையோ, மாவுக்கட்டோ, நாள்கணக்கில் படுக்கையோ நேர்ந்தால், எனக்கு முன்பு நுரையீரலில் கட்டி வந்தது என்று முதலிலேயே சொல்ல வேண்டும்; அந்தச் சில வாரங்களுக்குத் தடுப்பு மருந்து கொடுத்தால் இன்னொரு முறை வராமல் காக்கலாம். ஒரு கால் திடீரென்று வீங்கினாலோ, மூச்சுத் திணறலோ மூச்சு இழுக்கும்போது குத்தும் நெஞ்சுவலியோ வந்தாலோ 108ஐ அழையுங்கள். இந்த முறை யானைக்கால் என்று யார் சொன்னாலும் டாப்ளர் எடுக்காமல் திரும்பாதீர்கள்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது பழைய சி.டி. ஸ்கேன் அறிக்கை, மருத்துவமனையிலிருந்து வந்தபோது கொடுத்த சீட்டு, மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய மருந்துச் சீட்டு கிடைத்தால் அது, அம்மா சொன்ன விவரங்கள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். இரு கால் டாப்ளர், எக்கோ, ஹீமோகுளோபின், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் ஆகிய முடிவுகள் கைக்கு வந்த பிறகு, ஒரே மருத்துவரிடம் எல்லாவற்றையும் வைத்து முடிவு கேளுங்கள். அதுவரை ஒரு நாளும் மாத்திரையை நிறுத்த வேண்டாம். கையிருப்பு தீர ஒரு வாரம் இருக்கும்போதே அடுத்த அட்டையை வாங்கிவிடுங்கள்.